சின்னத் தொலைநோக்கியில் இரட்டை நட்சத்திரங்கள்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்து கொடுத்த 60 அல்லது 70 மில்லிமீற்றர் தொலைநோக்கி, திருகோணமலையில் பல வீடுகளில் அலுமாரிக்கு மேல் தூசி பிடித்துக் கிடக்கிறது. சந்திரனைப் பார்த்தாயிற்று, சனியின் வளையத்தைப் பார்த்தாயிற்று, வியாழனின் நாலு நிலாக்களையும் எண்ணியாயிற்று. அதோடு ஆசை அடங்கிவிடும். அந்த அலுமாரித் தொலைநோக்கிக்கு இன்னும் பல வருட வேலை இருக்கிறது என்பது என் கட்சி. இரட்டை நட்சத்திரம் பார்க்க அது போதும். இடம் என்று பார்த்தால், நம்முடைய கரையை விட வாய்ப்பான இடங்கள் அதிகம் இல்லை.

இரட்டை நட்சத்திரம் என்றால் உண்மையிலேயே இரண்டா, கண் மயக்கமா?

இரண்டு வகையும் உண்டு. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிந்தால் அதை இரட்டை என்கிறோம். சில சோடிகள் தற்செயலாக ஒரே திசையில் அமைந்தவை. ஒன்று கிட்ட, மற்றது எவ்வளவோ தூரத்தில். மற்றவை ஈர்ப்பால் கட்டுண்டு ஒன்றையொன்று சுற்றுபவை.

வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் இந்தச் சோடிகளைப் பட்டியல் போடத் தொடங்கியது வேறொரு நோக்கத்தோடு. கிட்ட உள்ள நட்சத்திரம் தூரத்தில் உள்ளதை ஒட்டி வருடத்தில் எவ்வளவு அசைகிறது என்று அளந்தால் அதன் தூரத்தைக் கணக்கிடலாம் என்று நினைத்தார். பல வருடங்கள் கழித்து அதே சோடிகளைத் திரும்ப அளந்தபோது, சில சோடிகள் இடம் மாறியிருந்தன; அவை ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று 1803 இல் அறிவித்தார். மிதுன ராசியின் காஸ்டர் அவற்றில் ஒன்று. அவர் தேடிய தூரம் கிடைக்கவில்லை; ஈர்ப்பு விதி சூரிய குடும்பத்துக்கு வெளியேயும் செல்லும் என்பதற்குச் சாட்சி கிடைத்தது.

எங்கள் வீடு ரவுனுக்குள். தெருவிளக்கு நேரே முன்னால். பிரயோசனம் உண்டா?

உண்டு. நெபுலா, விண்மீன் மண்டலம் எல்லாம் மங்கலான புகை மாதிரியானவை. வானம் இருட்டாக இல்லாவிட்டால் அவை காணாமலே போய்விடும். நட்சத்திரம் ஒரு புள்ளி. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் பின்னணி வானம் கறுக்கும், புள்ளி அப்படியே நிற்கும். அதனால் பௌர்ணமி இரவிலும் இரட்டை பார்க்கலாம். தெருவிளக்கு நேரே கண்ணில் படாமல் மதிலின் நிழலிலோ மாமரத்தின் நிழலிலோ நின்றால் சரி. ஒரு கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு பார்ப்பது அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

60 மில்லிமீற்றர் வில்லை எவ்வளவு நெருக்கமான சோடியைப் பிரிக்கும்?

இதற்கு முதலில் அளவைச் சொல்ல வேண்டும். பஞ்சாங்கக் கணக்கில் வரும் பாகை, கலை, விகலை தான் இங்கும். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. முழுநிலவின் விட்டம் ஏறக்குறைய அரைப் பாகை, அதாவது 1,800 விகலை. உப்புவெளிக் கடற்கரையில் நின்று, கிட்டத்தட்ட நாலு கிலோமீற்றருக்கு அப்பால் தெரியும் கோணேசர் மலையில் இரண்டு சென்றிமீற்றர் இடைவெளியில் இரண்டு விளக்கை வைத்தால், அந்த இடைவெளி ஒரு விகலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் ரட்டர் டாஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் பலவகைத் தொலைநோக்கிகளில் பார்த்துப் பார்த்து ஒரு எளிய கணக்கைச் சொன்னார்: 116 ஐ வில்லையின் மில்லிமீற்றர் விட்டத்தால் வகுத்தால், பிரிக்கக்கூடிய மிகக் குறைந்த இடைவெளி விகலையில் வரும். 60 மில்லிமீற்றருக்கு 1.9, 70க்கு 1.7, 114க்கு ஏறத்தாழ 1.

இந்தக் கணக்கை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. இரண்டு நட்சத்திரமும் ஒரே அளவு பிரகாசமாக இருந்தால்தான் அது பொருந்தும். ஓரியன் மண்டலத்தின் பிரகாசமான நட்சத்திரமான ரைகலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் துணை 9.5 விகலை தள்ளி இருக்கிறது. கணக்குப்படி 60 மில்லிமீற்றருக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் துணை ரைகலை விட ஏறத்தாழ 400 மடங்கு மங்கல், அந்த வெளிச்சத்துக்குள் மூழ்கிவிடும். 70 மில்லிமீற்றரில், காற்று அசையாத இரவில், ஒளிவட்டத்தின் ஓரத்தில் ஊசிமுனை மாதிரி எட்டிப் பார்க்கும். இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சீரியஸ் இன்னும் மோசம். அதற்கு ஒரு துணை இருக்க வேண்டும் என்று ஜெர்மன் வானியலாளர் பெசல் 1844 இல் சீரியஸின் ஆட்டத்தை வைத்தே சொல்லிவிட்டார். ஆனால் 1862 இல் அமெரிக்காவில் தொலைநோக்கி வில்லை செய்யும் அல்வன் கிரஹாம் கிளார்க் ஒரு புதிய 47 சென்றிமீற்றர் வில்லையைச் சோதித்தபோதுதான் அது முதன்முதலாகக் கண்ணில் பட்டது. சின்னத் தொலைநோக்கிக்காரர் அதில் மினக்கெட வேண்டாம்.

பெட்டியில் 525 மடங்கு என்று போட்டிருக்கிறதே?

700 மில்லிமீற்றர் குவியத்தூரத்தை 4 மில்லிமீற்றர் ஐபீஸால் (கண்ணருகு வில்லை) வகுத்து, மூன்று மடங்கு பார்லோவால் (உருப்பெருக்கத்தைக் கூட்டும் துணை வில்லை) பெருக்கினால் 525 வரும். கணக்குச் சரி, படம் வராது. வில்லையின் ஒரு மில்லிமீற்றருக்கு இரண்டு மடங்கு என்பதே உச்சம். 60 மில்லிமீற்றருக்கு 120. அதற்கு மேல் போனால் மங்கலும் ஆட்டமும்தான் பெருக்கும்.

25 மில்லிமீற்றர் ஐபீஸில் 28 மடங்கு, 10 மில்லிமீற்றரில் 70 மடங்கு கிடைக்கும். இந்த இரண்டோடு முக்கால்வாசிச் சோடிகளைப் பார்த்துவிடலாம். பெட்டியோடு வரும் 4 மில்லிமீற்றரையும் மூன்று மடங்கு பார்லோவையும் மறந்துவிட்டு, நல்லதாக ஒரு 6 மில்லிமீற்றர் ஐபீஸ் வாங்கினால் அது கொடுத்த காசுக்கு உழைக்கும்.

முதலில் எதைப் பார்ப்பது?

கலியாண வீட்டில் ஐயர் காட்டும் அருந்ததியை. (பகல் முகூர்த்தத்தில் எல்லோரும் அண்ணாந்து எதைப் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை.) சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் நடு நட்சத்திரம் வசிட்டர், மேற்கத்தியப் பெயர் மிசார். அதை ஒட்டி 12 கலை தள்ளி மங்கலாக நிற்பது அருந்ததி, அல்கோர். நல்ல கண்ணுக்குத் தொலைநோக்கி இல்லாமலே இரண்டும் தெரியும்.

28 மடங்கில் வசிட்டரை நடுவில் கொண்டுவாருங்கள். அருந்ததி நன்றாகத் தள்ளிப் போயிருக்கும். வசிட்டரை மட்டும் கவனித்தால், அதுவே இரண்டாகத் தெரியும்: வெள்ளையாக ஒன்று, அதை ஒட்டிச் சற்று மங்கலாக மற்றொன்று, இடைவெளி 14 விகலை. பிறகு 70 மடங்குக்கு மாற்றுங்கள். இடையில் கறுப்பு இடைவெளி தெளிவாகத் திறக்கும். இந்தப் பிரிவை கலிலியோவின் மாணவர் பெனடெட்டோ காஸ்டெல்லி 1617 வாக்கிலேயே கண்டுவிட்டார். 1889 இல் நிறமாலையை ஆராய்ந்தபோது, அந்தப் பிரகாசமான பாதியும் தனக்குள் இரண்டு என்று தெரியவந்தது. எந்தக் கண்ணருகு வில்லையாலும் அதைப் பிரிக்க முடியாது.

திருகோணமலையில் இது வடக்கே 44 பாகை உயரத்துக்கு மேல் வராது. ஏப்ரல் முதல் ஜூன் வரை முன்னிரவில் நன்றாகத் தெரியும். மார்கழியில் முன்னிரவில் தேடினால் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்.

தெற்கே என்ன இருக்கிறது? வெளிநாட்டுப் புத்தகங்களில் எல்லாம் வடக்கு நட்சத்திரங்கள்தான்.

இங்கேதான் நம் ஊருக்கு அதிர்ஷ்டம். நாம் நிற்பது வட அகலாங்கு எட்டரைப் பாகையில். ஐரோப்பாக்காரருக்குத் தென்சிலுவை எழுவதே இல்லை, அவுஸ்திரேலியாவின் தென்பகுதியில் சப்தரிஷி முழுதாக எழுவதில்லை. நமக்கு மே மாத நடுவில் இரவு பத்து மணிக்கு வடக்கே வசிட்டரும் தெற்கே தென்சிலுவையும் அல்ஃபா சென்டாரியும் ஒன்றாக நிற்கும். கதிரையைத் திருப்பிப் போட்டால் போதும்.

தெற்கே கடல் திறந்திருக்கும் கரையாகப் பார்த்து நின்றால் மறைக்க வீடும் இல்லை, மரமும் இல்லை. முதலில் தென்சிலுவை. அதன் அடி நட்சத்திரம் அக்ரக்ஸ், ஏறக்குறைய 4 விகலை இடைவெளியில் இரண்டு நீல வெள்ளைப் புள்ளிகள், 18 பாகை உயரம். சிலுவைக்கு இடப்புறம் இரண்டு பெரிய நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும். சிலுவைக்குத் தூரமாக, மஞ்சள் சாயலோடு இருப்பது அல்ஃபா சென்டாரி. நமக்கு மிக அண்மையில் உள்ள நட்சத்திரத் தொகுதி, 4.37 ஒளியாண்டு. சோடி 80 வருடத்தில் ஒரு சுற்றுச் சுற்றும். 1976 இல் 22 விகலை அகன்றிருந்தது, 2016 இல் 4 விகலையாகச் சுருங்கியது, பிறகு மறுபடி விலகத் தொடங்கியது.

இந்தச் சோடியை முதன்முதலில் பிரித்துக் கண்டவர் புதுச்சேரியில் இருந்தார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 1689 டிசம்பரில் ஜீன் ரிஷோ என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் அங்கிருந்து ஒரு வால்வெள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற அல்ஃபா சென்டாரி இரண்டாகத் தெரிந்தது. அதற்கு நாலு வருடம் முன்னால், 1685 இல், அதே சபையின் ஃபொந்தனே ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் அக்ரக்ஸைப் பிரித்திருந்தார். புதுச்சேரியில் அல்ஃபா சென்டாரி உச்சத்தில் 17 பாகைதான் எழும். நமக்கு 20 பாகைக்கு மேல். ரிஷோவை விட நாம் வசதியான இடத்தில்தான் நிற்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. இவ்வளவு தாழ்வில் காற்று மண்டலம் தடிப்பானது. நட்சத்திரத்தின் ஒரு விளிம்பு சிவப்பாகவும் மறு விளிம்பு நீலமாகவும் இழுபடும். அது உங்கள் வில்லையின் குற்றம் இல்லை. உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்துப் பார்த்தால் கொஞ்சம் குறையும்.

எந்த மாதம் எது? மழைக் காலத்தில் என்ன செய்வது?

ஐப்பசி முதல் தை வரை வாடையும் மழையும். வானம் திறக்கும் இரவுகள் குறைவு. அந்தக் காலத்தில்தான் அண்ட்ரொமீடா மண்டலத்தின் அல்மாக் முன்னிரவில் உச்சிக்கு வரும், பொன்னும் நீலமுமாக, 10 விகலை இடைவெளி. மழை விட்ட ஒரு இரவு கிடைத்தால் அதைத் தவற விடாதீர்கள். கழுவிய வானம் பளிங்கு மாதிரி இருக்கும்.

மாசி, பங்குனி, சித்திரைதான் என் விருப்பம். காற்று அடங்கியிருக்கும், பனி மட்டும் கொஞ்சம் இறங்கும். பங்குனி நடுவில் இரவு எட்டு மணிக்குப் புனர்பூசத்தின் காஸ்டர் உச்சியில் நிற்கும். ஐந்தரை விகலை, இரண்டும் வெள்ளை. 1960களில் இது 2 விகலைக்குள் ஒடுங்கி இருந்தது, சின்னத் தொலைநோக்கிகளுக்கு எட்டாமல். அதே வேளையில் சீரியஸுக்குச் சற்றுத் தள்ளி பெருநாய் மண்டலத்தின் 145 என்ற எண் உடைய சோடி, செம்மஞ்சளும் நீலமும், 27 விகலை. அதிகம் பேசப்படாதது; பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தெற்கே காமா வெலோரம் 41 விகலை, பைனாகுலரை அசையாமல் பிடித்தால் அதிலேயே பிரியும். சித்திரையில் மகத்துக்கு எட்டுப் பாகை வடக்கே அல்ஜீபா, 4.7 விகலை, இரண்டும் பொன் மஞ்சள். என்னைக் கேட்டால் வானத்தில் அழகான சோடி இதுதான்.

வைகாசியிலிருந்து கச்சான் காற்று. வானம் திறந்திருந்தாலும் குழாய் நடுங்கும். மதில் மறைவில் முக்காலியைத் தாழ்த்தி வைத்து, அதன் நடுவில் ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஆடி மாத முன்னிரவில் விருச்சிகம் உச்சிக்கு வரும். அனுடத்தின் மேல் நட்சத்திரமான பீட்டா ஸ்கோர்பி 13 விகலைக்கு மேல் அகன்ற சோடி, முதல் பார்வையிலேயே பிரியும். கேட்டையின் துணை 2.7 விகலையில் சிவப்பு வெளிச்சத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதற்கு 150 மில்லிமீற்றராவது வேண்டும், பொறுமையும் வேண்டும்.

புரட்டாதியில் இரவு எட்டு மணிக்கு, சிக்னஸ் (அன்னம்) மண்டலத்தின் அல்பீரியோ.

அல்பீரியோவின் நிறம் உண்மையா?

பெரும்பாலும் உண்மை. பிரகாசமானது ஏறக்குறைய 4,400 கெல்வின் வெப்பமுள்ள செம்மஞ்சள் நட்சத்திரம். துணை 13,000 கெல்வின், நீல வெள்ளை. இடைவெளி 35 விகலை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது கண் அந்த வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும். துணையைத் தனியாகப் பார்த்தால் அவ்வளவு நீலமாகத் தெரியாது. குவியத்தைச் சிறிது கலைத்தால் புள்ளி வட்டமாக விரிந்து நிறம் நன்றாகப் பிடிபடும். இருபத்தெட்டு மடங்கே போதும். அதிகம் பெருக்கினால் நிறம் வெளிறும்.

சில இரவில் நட்சத்திரம் கொதிக்கிற மாதிரித் தெரிகிறது. ஏன்?

காற்றில் சூடும் குளிருமான படைகள் கலப்பதால். பெரும்பகுதியை நாமே உண்டாக்குகிறோம். பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிரீட் மொட்டைமாடி நடுச்சாமம் வரை சூட்டைக் கக்கும். அங்கே தொலைநோக்கியை வைத்தால் 3 விகலைச் சோடி ஒரு குழம்பாகத்தான் தெரியும். புல் வளர்ந்த வளவோ மணல் முற்றமோ நல்லது. பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்கு மேலால் பார்ப்பதைத் தவிருங்கள். ஏசி அறையில் இருந்த தொலைநோக்கியை வெளியே எடுத்தவுடன் வில்லையில் ஈரம் படியும். மூடியோடு அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறவுங்கள்.

காற்று அமைதியான இரவில் 100 மடங்கில் நட்சத்திரம் சின்ன வட்டமாகவும், அதைச் சுற்றி மெல்லிய ஒரு வளையமாகவும் தெரியும். பலர் அதைப் பார்த்துவிட்டு வில்லை பழுது என்கிறார்கள். ஒளி அலை என்பதால் வரும் வளையம் அது; தெரிந்தால் வில்லை நல்லது என்று அர்த்தம்.

ஈக்குவட்டோரியல் மவுண்ட் (வானத்தின் சுழற்சியோடு திரும்பும் தாங்கி) இங்கே ஏன் மக்கர் பண்ணுகிறது?

அது துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய வேண்டும். நமக்குத் துருவம் அடிவானத்திலிருந்து எட்டரைப் பாகைதான். விலை குறைந்த மவுண்டுகள் பல அவ்வளவு தாழ்வுக்கு இறங்காது. இறங்கினாலும் எடைக்கல் போய் முக்காலிக் காலில் இடிக்கும். மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பும் எளிய மவுண்டே இங்கே வசதி. மோட்டார் இல்லாவிட்டால் 70 மடங்கில் ஒரு நட்சத்திரம் பார்வைப் புலத்தைக் கடக்க இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். தாராளமாகப் போதும்.

எங்கே போய்ப் பார்ப்பது?

முடிந்தவரை வீட்டு வளவில். கடற்கரைக்குப் போவதென்றால் நிலாவெளிப் பக்கம் இருட்டு அதிகம், ஆனால் கிழக்கே மீன்பிடி வள்ளங்களின் வெளிச்சம் இருக்கும். நம் துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது, பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. இரவில் குழாய் ஒன்றை முக்காலியில் பூட்டிக்கொண்டு நிற்பவரை யாரும் விசாரிக்கத்தான் செய்வார்கள். துறைமுகப் பக்கம் திருப்பாதீர்கள், அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், வந்து கேட்பவருக்கு ஐபீஸைக் காட்டி ஒரு சோடியைப் பார்க்கக் கொடுங்கள். நுளம்புத்திரியைக் காற்று போகும் பக்கம் வையுங்கள். புகை வில்லையில் படியும்.

கடல் காற்றில் வில்லை கெடுமா?

உப்பை விடப் பூஞ்சணம்தான் எதிரி. ஈரத்தோடு பெட்டியில் வைத்து மூடினால் சில மாதத்திலேயே வில்லைக்குள் சிலந்திவலை மாதிரி படரும். பார்த்து முடிந்ததும் ஈரம் காயும் வரை வீட்டுக்குள் திறந்து வையுங்கள். பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு. அரிசிக்குள் புதைக்கும் யோசனை வேண்டாம், தவிட்டுத் தூள் ஒட்டும். சாரத்தின் தலைப்பால் துடைப்பது மகா பாவம். ரப்பர் ஊதியால் தூசியை மட்டும் ஊதுங்கள்.

கொஞ்சம் பழகியாயிற்று. இன்னும் கஷ்டமானது ஏதாவது?

லைரா (யாழ்) மண்டலத்தின் எப்சிலன் லைரே. பைனாகுலரில் இரண்டு. 100 மடங்குக்கு மேல், ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகும், தலா 2.3 விகலை அளவு. ஒரு சோடி கிடையாகவும் மற்றது அதற்குக் குறுக்காகவும் நிற்கும். 80 மில்லிமீற்றரில் நல்ல இரவில் வரும். 60 இல் நீண்ட புள்ளியாகவாவது தெரிந்தால் சந்தோஷப்படலாம்.

அடுத்தது சித்திரை நட்சத்திரத்துக்கு வடமேற்கே உள்ள போரிமா. சம பிரகாசமான இரண்டு, 169 வருடச் சுற்று. 2005 இல் அரை விகலைக்கும் குறைவாக நெருங்கிச் சின்னத் தொலைநோக்கிகளுக்கு ஒன்றாகிப் போனது. பிறகு பிரிந்து 3 விகலையைத் தாண்டிவிட்டது. இனி வருடா வருடம் சுலபமாகும்.

ஃபோனில் படம் எடுக்கலாமா?

அகன்ற சோடிகளை எடுக்கலாம். ஐபீஸில் பூட்டும் பிடி ஒன்று வேண்டும், கையால் பிடித்தால் சரிவராது. வெளிச்சத்தைக் குறைத்து, படத்துக்குப் பதில் வீடியோ எடுத்து நல்ல துண்டைத் தேர்ந்தெடுங்கள்.

கொப்பியில் என்ன எழுதி வைப்பது?

திகதி, நேரம், வில்லை, உருப்பெருக்கம், காற்றின் அமைதி, இரண்டின் நிறம், கூடவே ஒரு வட்டத்துக்குள் படம். துணை எந்தப் பக்கம் என்பதைக் குறிப்பதே முக்கியம். தொலைநோக்கியை அசைக்காமல் விடுங்கள். நட்சத்திரம் நகர்ந்து போகும் பக்கம் மேற்கு. குழாயைத் துருவம் இருக்கும் பக்கம் மெல்லத் தட்டினால், புதிய நட்சத்திரங்கள் எந்த ஓரத்தால் நுழைகின்றனவோ அது வடக்கு. வடக்கைப் பூச்சியமாக வைத்துக் கிழக்கு வழியாகத் துணை வரை எத்தனை பாகை என்று கண்மட்டாக எழுதுங்கள். ஐபீஸுக்கு முன்னால் வளைகண்ணாடி (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் டயகனல்) பூட்டியிருந்தால் படம் இடம் வலமாக மாறித் தெரியும். அதையும் குறித்து வையுங்கள்.

அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் பராமரிக்கும் வாஷிங்டன் இரட்டை நட்சத்திர அட்டவணையில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட சோடிகள் உள்ளன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதைப் பார்ப்பதற்கு முன் உங்கள் மதிப்பீட்டை எழுதிவிடுங்கள். முதலில் விடையைப் பார்த்தால் கண் அதையே காட்டும். கண்மட்ட மதிப்பீட்டில் பத்துப் பாகை பிசகினால் கவலைப்பட வேண்டாம். தொண்ணூறு பிசகினால் வளைகண்ணாடியை மறந்திருப்பீர்கள்.